பயலுவ கூட்டம்

அந்த போர்டைத்தானே பாக்கிய? பாருங்க, பாருங்க. கடைக்கு வாரவுங்க எல்லாரும் முதல்ல அதைத்தான் பாப்பாவ. "நெல்லை லினக்ஸ் பயலுவ கூட்டம். மாதத்தில் இரண்டாவது ஞாயிறு. மாடிக்கு வரவும்." பெயின்ட் டப்பா வாங்கி நானே என் கையால எழுதினது. அதைக் கழட்டச் சொன்னாவ சார். கழட்ட மாட்டேன்னுட்டேன். பேரை மாத்தச் சொன்னாவ. மாத்த மாட்டேன்னுட்டேன். இன்னைய தேதி வரைக்கும் மாத்தலை.

உக்காருங்க. உங்க லேப்டாப்புக்குப் பெருசா ஒண்ணும் இல்லை, எல்லாத்தையும் தொடச்சிட்டுப் புதுசா ஏத்தணும், ஒரு மணி நேரம் பிடிக்கும். இந்த வெயில்ல எங்க போவிய? ஃபேனுக்குக் கீழ இந்தச் சேரைப் போட்டுக்கிடுங்க. நான் பேசிக்கிட்டே செஞ்சா கை நல்லா ஓடும்.

என் பேரு சங்கரநயினார். பாளையங்கோட்டையில இந்தக் கடை வச்சுப் பதினாறு வருஷம் ஆகுது. கீழ ரிப்பேர் கடை, அந்தா அந்த மேசையில என் வீட்டுக்காரி ஆவுடைச்செல்வி உக்காந்து விண்ணப்பம், மனு எல்லாம் டைப் அடிச்சுக் குடுப்பா. மாடியில ஒரு ஹால். அதுலதான் கூட்டம்.

என்ன கூட்டம்னா, ஓப்பன் சோர்ஸ். கேள்விப்பட்டிருப்பிய. தையல்காரன் சட்டையைக் குடுக்கும்போதே, அதை வெட்டின அளவுத் தாளையும் சேத்துக் குடுத்தா எப்படி இருக்கும்? அது மாதிரி சார். மென்பொருளையும் குடுத்து, அதை எழுதின நிரலையும் குடுத்துருவாவ. நீங்க அதைப் படிக்கலாம், திருத்தலாம், பிடிக்கலைன்னா எடுத்துட்டுப் போயி வேற மாதிரி மாத்தி, வேற பேரு வச்சு ஊருக்கே குடுக்கலாம். ஒருத்தரும் கேக்க முடியாது. அதுதான் அதோட அழகே. விண்டோஸுக்குப் பதிலா கம்ப்யூட்டருல ஏத்துற லினக்ஸும் அப்படிப்பட்டதுதான். நான் ஒவ்வொரு கூட்டத்துலயும் முதல் பத்து நிமிஷம் இதைத்தான் சொல்லுவேன். மனப்பாடமா வரும் எனக்கு.

ஆரம்பிச்சப்ப அஞ்சு பேரு. நானு, பீர் முகமது, இன்னும் மூணு பேரு. மாடி அப்ப சும்மா தட்டுமுட்டுச் சாமான் போடுற இடம். ஞாயித்துக்கிழமையானா நாங்க அஞ்சு பேரும் ஏறிப் போயி கத்திக்கிட்டு கெடப்போம். எதிர்த்த டீக்கடைக்காரரு ஒரு நா சத்தம் போட்டாரு, "யாருவே இந்தப் பயலுவ, வாரம் தவறாமக் கூட்டம் போடுதானுவ?"ன்னு. பீரு அந்தாக்குல சொன்னான், "லே நயினாரு, பேரு கிடைச்சிட்டுலே!" அப்படி வந்த பேரு சார். பெத்த பிள்ளைக்குக்கூட நான் இவ்வளவு பொருத்தமாப் பேரு வைக்கலை. சென்னையில, பெங்களூருல இருந்தெல்லாம் ஆளு வந்து, "உங்க பேரு பிரமாதம்"னு சொல்லிட்டுப் போயிருக்காவ. பன்னெண்டு வருஷம். ஒரு மாசம் தவறலை. வெள்ளம் வந்தப்ப கூட, தண்ணி வடிஞ்ச மறுநா கூட்டம் போட்டோம்.

இப்ப உங்களுக்கு ஒரு சந்தேகம் வரும். பயலுவன்னு பேரு வச்சிருக்கானே, பொம்பளப்பிள்ளையளைச் சேக்க மாட்டானோன்னு. நல்லாக் கேட்டுக்கிடுங்க. சேத்தேன். வா வான்னுதான் சொன்னேன். ஜெனோவான்னு ஒரு பிள்ளை. தூத்துக்குடிப் பக்கம், அவ அப்பா படகு இஞ்சின் மெக்கானிக்கு. ஏழு வருஷத்துக்கு முந்தி காலேஜுல படிக்கும்போது வந்தா. இன்னைக்குப் பெரிய கம்பெனியில வீட்டுல இருந்தே வேலை. கூட்டத்துல பாதி வேலை அவதான் பாப்பா. வெப்சைட்டு அவ, நோட்டீஸு அவ, யாரு என்ன பேசணும்ங்கிற பட்டியலு அவ. நான் வரவேற்புரை. அப்படி ஒத்துமையா நடந்துக்கிட்டிருந்தது சார். பேரைப் பத்தி அவ ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொன்னதில்லைன்னா, ஒண்ணு ரெண்டு மட்டம் சொன்னா. நான் சிரிச்சேன், அவளும் சிரிச்சா, விட்டுட்டா.

வெனை எங்கன வந்துதுன்னா, முப்பிடாதியால.

முப்பிடாதிங்கிறது பொம்பளப்பிள்ளை சார். எங்க பக்கத்துல ஆணு பொண்ணு ரெண்டு பேருக்கும் அந்தப் பேரு வைப்பாவ. கயத்தாறுக்கு உள்ள ஒரு கிராமம். இங்க ஒரு இஞ்சினீரிங் காலேஜுல ரெண்டாம் வருஷம், ஹாஸ்டல்ல இருந்தது. பேசவே பேசாது. ஓரமா உக்காந்து எழுதிக்கிட்டே இருக்கும். ஒரு மென்பொருளு தமிழ்ப் பேரை எல்லாம் அகர வரிசையில அடுக்கும்போது தப்புத் தப்பா அடுக்கிக்கிட்டு இருந்துது, பல வருஷமா. இந்தப் பிள்ளை போயி மூணு மாசம் மல்லுக்கட்டி அதைச் சரி பண்ணி அனுப்பிட்டு. ஜெர்மனியில இருந்து ஒருத்தன் அதைச் சேத்துக்கிட்டு, நன்றின்னு எழுதியிருந்தான். அப்படிப்பட்ட மண்டை.

ஹாஸ்டல்ல வெளிய போகணும்னா ஒரு நோட்டுல எழுதணுமாம், எங்க போறேன்னு. இது என்ன எழுதியிருக்கு தெரியுமா? பல் டாக்டர். ஒவ்வொரு மாசமும் ரெண்டாவது ஞாயிறு, பல் டாக்டர். எட்டாவது மாசம் வார்டன் அம்மா கூப்பிட்டு, "வாயைத் தொற, எந்தப் பல்லு?"ன்னு கேட்டுட்டாவ. எல்லாப் பல்லும் முத்து மாதிரி இருக்கு. ஊருல இருந்து அப்பாவை வரவழைச்சு, அவரு முன்னால வச்சு, "எங்கதான் போனே, உண்மையைச் சொல்லு"ன்னு கேட்டிருக்காவ. இது உண்மையைச் சொல்லிட்டு.

"பயலுவ கூட்டத்துக்குப் போனேன்."

அவ்வளவுதான். போனைப் பிடுங்கி, லேப்டாப்பைப் பிடுங்கி, ஊருக்கு இழுத்துட்டுப் போயிட்டாரு. பரீச்சை வேற நெருங்குது. படிப்பே வேண்டாம்னுட்டாரு மனுஷன்.

இது என் தப்பா சார்? சொல்லுங்க. பொய் எழுதச் சொன்னது நானா? வார்டன் அம்மா விசாரிச்சிருக்கணும். அப்பங்காரன் நம்பியிருக்கணும். எல்லாத்தையும் விட்டுட்டு எல்லாரும் என் போர்டைப் பாத்தா?

ஆனா நான் சும்மா இருக்கலை. நேரா கயத்தாறுக்குப் பஸ் ஏறினேன். நானும் ஜெனோவாவும். அந்த அப்பா, பேரு வேலாண்டி, லோடு ஆட்டோ ஓட்டுறவரு. வண்டியைக் கழுவிக்கிட்டு நின்னாரு. உக்காரக்கூடச் சொல்லலை. நான் நின்னுக்கிட்டே ஓப்பன் சோர்ஸ்னா என்னன்னு ஆதியில இருந்து ஆரம்பிச்சேன். ஒண்ணே முக்கா மணி நேரம் சார். யாரு ஆரம்பிச்சது, எப்ப ஆரம்பிச்சது, ஏன் முக்கியம், எல்லாத்தையும் புட்டுப் புட்டு வச்சேன். அந்தாளு துணியைப் பிழிஞ்சுக்கிட்டே கேட்டாரு. கடைசியில ஒரே கேள்வி.

"அந்தக் கூட்டத்துக்குப் பேரு என்ன சார்?"

"பயலுவ கூட்டம். ஆனா அது வந்து..."

"நீங்களே சொல்லுதியள்லா."

"அது சும்மா வெளையாட்டுக்கு வச்ச பேருங்க."

"எங்க ஊருல நான் யார் யாருகிட்ட போயி வெளையாட்டுன்னு சொல்ல? எம் பிள்ளையைப் பயலுவ கூட்டத்துல பாத்தோம்னு ஒருத்தன் சொன்னாப் போதும். நீங்க பஸ் ஏறிப் போயிருவிய. நாங்க இங்கனதான் இருக்கணும்."

வாசல் கதவுக்குப் பின்னால அந்தப் பிள்ளை நிக்கிறது தெரிஞ்சுது. பாவாடை நுனி மட்டும் தெரிஞ்சுது. நான் மறுபடியும் விளக்க ஆரம்பிச்சேன். ஜெனோவா என் முழங்கையைப் பிடிச்சு, "போதும் அண்ணாச்சி, வாங்க"ன்னு இழுத்துட்டு வந்துட்டா. பஸ்ஸுல வரும்போது நான்தான் பேசிக்கிட்டு வந்தேன். வெவரம் தெரியாத மனுஷன்னு சொன்னேன். அவ ஜன்னலைப் பாத்துக்கிட்டே இருந்தா.

மறுநா காலையில பாக்கேன், வெப்சைட்டுல குறைன்னு ஒரு பக்கம் இருக்கும், யாரும் வந்து இது சரியில்லை அது சரியில்லைன்னு எழுதலாம், அதுல ஜெனோவா எழுதியிருக்கா. "குறை: பெயர். பரிந்துரை: மாற்ற வேண்டும்." அவ்வளவுதான். ரெண்டு வரி. நான் ஒரு நிமிஷம் யோசிக்கலை. "சரிசெய்யப்பட மாட்டாது"ன்னு எழுதி மூடிட்டேன். அதுக்கு எனக்கு அதிகாரம் உண்டு. சாவி என் கையில.

மறுபடி தொறந்தா. மூடினேன். மறுபடி தொறந்தா. அதுக்குள்ள கீழ நாப்பத்தியோரு பேரு ஆமா ஆமான்னு கட்டைவிரலைக் காட்டியிருக்காவ. எல்லாம் நம்ம பயலுவதான் சார்! ஆம்பளைப் பயலுவ! நான் ஒவ்வொருத்தனுக்கும் லினக்ஸ் ஏத்திக் குடுத்திருக்கேன். பீருக்குப் போனைப் போட்டேன், அவன் இப்ப துபாய்ல இருக்கான். "பேரை வச்சவன் நீ, நீ சொல்லுலே"ன்னேன். "எனக்கு ரெண்டு பொண்ணுலே நயினாரு. மாத்துன்னுதான் சொல்லுவேன்"னான். வெளிநாடு போனதும் ஆளே மாறிட்டான்.

சரி, கூட்டத்துல வச்சுப் பேசுவோம்னு சொன்னேன். பேசுறதுன்னா எனக்கு என்ன பயம்? அந்த ரெண்டாவது ஞாயிறு முப்பத்தாறு பேரு வந்திருந்தாவ. சேரு பத்தாம ஜன்னல் திண்டுல எல்லாம் உக்காந்திருந்தாவ. முதல்ல நான் பேசினேன். பன்னெண்டு வருஷ வரலாறு. டீக்கடைக்காரரு சொன்னது, பீரு சொன்னது, வெள்ளம். நல்லாத்தான் பேசினேன். ரெண்டு எடத்துல கை தட்டினாவ.

பெறகு ஜெனோவா எந்திரிச்சா. "நான் பேசலை அண்ணாச்சி. ஒரு பட்டியலை மட்டும் படிக்கேன்"ன்னா. கையில ஒரு தாளு. "இந்தக் கூட்டத்துக்கு வந்த பொண்ணுங்க, வீட்டுலயும் ஹாஸ்டல்லயும் எங்க போறேன்னு சொல்லிட்டு வந்தாங்கன்னு கேட்டு எழுதினது"ன்னு சொல்லிட்டுப் படிச்சா.

"பல் டாக்டர். அத்தை வீடு. தையல் கிளாஸ். கண்ணாடி மாத்த. தோழி கல்யாணம். மாதா கோயில். அதே தோழி வளைகாப்பு. பேங்க்."

பேங்க்குன்னதும் ஒரு பய, "ஞாயித்துக்கிழமையா?"ன்னு கேட்டுட்டான். எல்லாரும் சிரிச்சாவ. நானும் சிரிச்சேன். அவ சிரிக்கலை, படிச்சுக்கிட்டே போனா. பெரிய பட்டியலு சார். பாதிக்கு மேல சிரிப்புச் சத்தம் கொறஞ்சுக்கிட்டே போச்சு. தாளை மடிச்சுட்டு சொன்னா, "இதுல ஒண்ணு என்னுது. நான் மாதா கோயில்னு சொல்லிட்டு ரெண்டு வருஷம் வந்தேன். எங்கம்மா இன்னைக்கும் நான் அப்ப ரொம்ப பக்தியா இருந்தேன்னு சொல்லிக்கிட்டிருக்காங்க."

நான் விடலை. "அப்ப ஏன் என்கிட்ட சொல்லலை?"ன்னு கேட்டேன்.

"சொன்னேன் அண்ணாச்சி. நீங்க சிரிச்சிய."

"நீயும்தானே சிரிச்சே?"

அவ தாளைப் பைக்குள்ள வச்சுட்டு உக்காந்துட்டா. கை தூக்கச் சொன்னாவ. மாத்தணும்னு முப்பத்தொண்ணு. வேண்டாம்னு மூணு. அந்த மூணுல ஒண்ணு என் கை. ரெண்டு பேரு எதுக்கும் தூக்கலை.

நான் எந்திரிச்சு நின்னு சொன்னேன். "இது என்ன எலெக்ஷனா? போர்டு என்னுது, ஹாலு என்னுது, வெப்சைட்டுச் சாவி என் கையில. முப்பத்தொரு பேரு என்ன, மூவாயிரம் பேரு கையைத் தூக்குங்க. மாத்த மாட்டேன்."

ஜெனோவா கோவிச்சுக்கலை சார். கோவிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். பைய சொன்னா. "சரி அண்ணாச்சி. நீங்கதானே ஒவ்வொரு கூட்டத்துலயும் சொல்லிக் குடுத்திய. பிடிக்கலைன்னா எடுத்துட்டுப் போயி வேற பேரு வச்சு நடத்தலாம், யாரும் கேக்க முடியாதுன்னு. நாங்க எடுத்துட்டுப் போறோம்."

ஒவ்வொருத்தரா எந்திரிச்சு, "வாரோம் அண்ணாச்சி", "வாரோம் அண்ணாச்சி"ன்னு கைகுடுத்துட்டுப் போனாவ. ஒரு ஒயரைக்கூட எடுக்கலை. ப்ரொஜெக்டர் அவிய எல்லாரும் சேந்து வாங்கினது, அதையும் விட்டுட்டுப் போயிட்டாவ. ஒரு பய சேரை எல்லாம் அடுக்கி வச்சுட்டுப் போனான். எனக்கு அதுதான் ஆத்திரம். சண்டை போட்டுட்டுப் போகத் தெரியலை பாருங்க.

புதுப் பேரு என்ன வச்சாவ தெரியுமா? "நிரல் ஞாயிறு." இதுக்கு என்ன அர்த்தம்னு கேட்டேன். ஞாயித்துக்கிழமை வாங்க, நிரல் எழுதுங்க, அவ்வளவுதானாம். இதுல என்ன ரசம் இருக்கு? ஒரு பேருன்னா அதுக்குப் பின்னால ஒரு டீக்கடையாவது இருக்க வேண்டாமா? ஒரு பள்ளிக்கூடத்துல இடம் குடுத்திருக்காவ, அங்க நடக்கு. நாலாவது ஞாயிறு. என் ரெண்டாவது ஞாயித்தைத் தொடலை. அந்த மட்டுக்கும் மரியாதை.

நான் நிறுத்துவேன்னு நெனச்சாவ. நிறுத்தலை. அடுத்த மாசம் நாலு பேரு வந்தாவ. அதுக்கடுத்த மாசம் ரெண்டு. அதுல ஒருத்தன் பிரிண்டர் ரிப்பேருக்கு வந்தவன், மேல கூட்டிட்டுப் போயி உக்கார வச்சேன். மூணாவது மாசம் நான் மட்டும். பத்து மணிக்கு மைக்கைப் போட்டேன், வரவேற்புரை சொன்னேன், ஒரு மணி வரைக்கும் உக்காந்து வேலை பாத்தேன், வெப்சைட்டுல நடவடிக்கைக் குறிப்பு எழுதினேன். தலைமை, சங்கரநயினார். பேச்சாளர், சங்கரநயினார். நன்றியுரை, சங்கரநயினார். முறைன்னா முறைதானே சார்? ஒரு ஆளு இருந்தாலும் கூட்டம் கூட்டம்தான்.

இடையில முப்பிடாதி விஷயம் என்னாச்சுன்னு கேப்பிய. ஜெனோவா மறுபடியும் கயத்தாறு போயிருக்கா, கையில நிரல் ஞாயிறு நோட்டீஸை எடுத்துக்கிட்டு. வேலாண்டி அதை வாங்கி எழுத்துக் கூட்டிப் படிச்சிருக்காரு. "பள்ளிக்கூடத்துல நடக்கா? ஞாயித்துக்கிழமை கிளாஸா?"ன்னு கேட்டிருக்காரு. அஞ்சு நிமிஷம். கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாரு. பிள்ளை பரீச்சைக்கு வந்துட்டு, லேப்டாப்பும் கைக்கு வந்துட்டு. பாத்தியளா? அன்னைக்கு நான் ஒண்ணே முக்கா மணி நேரம் விளக்கினது வீண் போகலை. பைய பைய வேலை செஞ்சிருக்கு. ஜெனோவாகிட்ட இதைச் சொன்னேன். "ஆமா அண்ணாச்சி"ன்னா. அவ அப்படித்தான், உண்மையை ஒத்துக்கிடுவா.

இதெல்லாம்கூட எனக்குப் பெருசில்லை. இனிமேத்தான் இருக்கு.

டிசம்பர் மாசம் ஒரு நா, அவிய வருஷக் கூட்டத்துக்கு யாரு யாரு பேசுறாவன்னு பாப்போம்னு அந்த வெப்சைட்டைத் தொறந்தேன். பட்டியலு. முதல் பேச்சு ஜெனோவா. ரெண்டாவது யாரோ கோயம்புத்தூர்க்காரரு. மூணாவது, "மென்பொருளுக்குத் தமிழ்ச் சொல்: நான்கு வருட அனுபவம். ஆவுடைச்செல்வி, பாளையங்கோட்டை."

ஊருல எத்தனை ஆவுடைச்செல்வி இருப்பாவன்னு நெனச்சேன். போட்டோவைப் பாத்தா, அந்தா அந்த மேசையில உக்காந்து எடுத்தது. பின்னால என் காலண்டர் தெரியுது.

உங்களுக்கு ஒரு வெவரம் சொல்லணும். மென்பொருளுல பட்டன் எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கும்லா, அதையெல்லாம் தமிழாக்குற வேலை எங்க கூட்டத்துல நடந்துக்கிட்டிருந்தது. யாரும் வீட்டுல இருந்தே செய்யலாம். அதுல "ஆவு"ன்னு ஒரு பேருல யாரோ செஞ்சு தள்ளிக்கிட்டிருந்தாவ. தப்பா அடிச்சிட்டா பழையபடி திருப்புறதுக்கு ஒரு பட்டன் உண்டு, அதுக்கு வாயில நுழையாத வார்த்தையாப் போட்டு அஞ்சாறு பேரு அடிச்சுக்கிட்டாவ. ஆவு வந்து "முன்போல் ஆக்கு"ன்னு எழுதினாரு, சண்டை முடிஞ்சிட்டு. நான் மாடியில மைக்கைப் பிடிச்சுப் பாராட்டியிருக்கேன் சார், ஒரு மட்டம் இல்லை, பல மட்டம். "யாருன்னு தெரியலை, யாரோ ஒரு பய தமிழ்ல பின்னுதான்"னு.

அந்தப் பய இவ.

இவகிட்ட போயி கேட்டேன். வெண்டைக்காய் நறுக்கிக்கிட்டிருந்தா. "நாலு வருஷமா நீயா?"

"ஆமா."

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"ஜெனோவா கணக்குத் தொறந்து குடுத்தா. மத்தபடி நீங்க மைக்குல பேசுறது எல்லாம் கீழ நல்லாக் கேக்கும். கேட்டுக் கேட்டுப் பழகினதுதான்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

கத்தியைக் கீழ வச்சுட்டா. "சொல்லணும்னுதான் இருந்தேன். ஒரு ஞாயித்துக்கிழமை, சாப்பாட்டைக் குடுக்கும்போது சொல்லிருவோம்னு பாதிப் படி ஏறி வந்தேன். யாரோ ஒரு பய பின்னுதான்னு நீங்க சொல்லிக்கிட்டிருந்திய. எல்லாரும் கை தட்டினாவ. அதுக்குப் பெறகு உள்ள வந்து எப்படிச் சொல்ல? எறங்கிட்டேன்."

"உள்ள வந்து நான்தான்னு சொல்ல வேண்டியதுதானே?"

"பயலுவ கூட்டம்லா"ன்னுட்டு மறுபடியும் வெண்டைக்காயை எடுத்துட்டா.

இது என்ன பதிலு சார்? நான் என்ன வரவேண்டாம்னா சொன்னேன்? பன்னெண்டு வருஷமா கூட்டத்துக்கு எலுமிச்சஞ்சோறு கட்டிக் குடுத்தவ. மாடிக்கு வந்து அஞ்சு நிமிஷம் உக்காந்திருக்கலாம். நான் வான்னு சொல்லலைதான். வீட்டு ஆளை யாராவது அழைப்பாவளா? நம்ம வீடு, நம்ம மாடி.

மூணு நா நான் அவகிட்ட பேசலை. அவளும் சட்டை பண்ணலை, பேச்சுக்குத் தயார் பண்ணிக்கிட்டிருந்தா. கண்ணாடியைப் பாத்துப் பேசிப் பேசிப் பாக்கா.

வருஷக் கூட்டத்துக்குப் போனேன் சார். போகாம இருப்பேன்னு நெனச்சியளா? பயந்தவன்தான் போகாம இருப்பான். "பயலுவ கூட்டம்"னு முதுகுல கொட்டை எழுத்துல போட்ட பழைய டி-ஷர்ட் ஒண்ணு இருக்கு, இப்ப வயித்துப் பக்கம் கொஞ்சம் இறுக்கம், அதைப் போட்டுக்கிட்டுத்தான் போனேன். வாசல்ல பேரு எழுதுற மேசையில முப்பிடாதி உக்காந்திருக்கு. "வாங்க அண்ணாச்சி"ன்னு சொல்லிட்டு, "எந்த அமைப்புன்னு எழுதட்டும்?"ன்னு கேட்டுது. "பயலுவ கூட்டம்னு எழுது"ன்னேன், சத்தமா. எல்லாரும் திரும்பிப் பாத்தாவ. அது சிரிக்கவும் இல்லை, மொறைக்கவும் இல்லை. மணி மணியா எழுதி என் கழுத்துல மாட்டி விட்டுது. நேராப் போயி முதல் வரிசையில உக்காந்தேன். எல்லாரும் பாக்கட்டும்.

இருநூறு பேரு இருக்கும் சார். எங்களுக்கு எந்த வருஷமும் எழுபதைத் தாண்டினதில்லை. பாதிக்கு மேல பொம்பளப்பிள்ளைய. இவ்வளவு பேரு எங்கன இருந்துதாவ இத்தனை வருஷமா? எனக்கு விளங்கலை.

ஆவுடை மேடையேறினா. பச்சைச் சேலை. முதல் ரெண்டு நிமிஷம் குரல் நடுங்கிச்சு, என்னைப் பாத்துட்டா, அதனாலன்னு நெனைக்கேன். பெறகு பிடிச்சுக்கிட்டா. மனு எழுத வாரவுங்க எந்த வார்த்தையைச் சொல்லிக் கேப்பாவளோ அந்த வார்த்தையைத்தான் பட்டன்ல போட்டேன்னு சொன்னா. மொத்த ஹாலும் கேட்டுது. கடைசியில ஒரு பிள்ளை எந்திரிச்சுக் கேட்டுது, "மேடம், இதையெல்லாம் எங்க உக்காந்து செஞ்சீங்க?"

"எங்க கடையிலதான். மாடியில கூட்டம் நடக்கும். நான் கீழ உக்காந்து செய்வேன்."

அவ்வளவுதான் சொன்னா. குத்திச் சொல்லலை, இருந்ததைச் சொன்னா. ஆனா ஹால்ல ஒரு அமைதி. என் முதுகுல இருக்கிற எழுத்தை இருநூறு பேரும் படிக்கிற மாதிரி எனக்கு ஒரு குறுகுறுப்பு. அந்த அமைதியில முதல்ல கை தட்டினது யாருன்னு நெனைக்கிய? நான். கேட்டுக்கிடுங்க, நான்தான். எந்திரிச்சு நின்னே தட்டினேன். எந்திரிச்சதால முதுகெழுத்து இன்னும் நல்லாத் தெரிஞ்சிருக்கும். தெரியட்டுமே.

கூட்டம் முடிஞ்சதும் ஜெனோவா வந்தா. "அண்ணாச்சி, பழைய வெப்சைட்டுல ஒரு வரி மட்டும் போடுங்க. கூட்டம் இப்ப நிரல் ஞாயிறுன்னு நடக்குன்னு. இன்னமும் நெறைய பேரு அங்கதான் வாராங்க."

"மாட்டேன்"னேன். "என் கூட்டம் நிக்கலை. நடக்கு."

"சரி அண்ணாச்சி"ன்னுட்டுப் போயிட்டா.

மறு வாரம் பழைய முகவரிக்கு ஒரு கடுதாசி வந்துது, மின்னஞ்சல்ல. தென்காசியில இருந்து ஒரு பிள்ளை. பேரு இந்திராணி. "வணக்கம். நான் பெண். உங்கள் கூட்டத்துக்கு வரலாமா?" இப்படிக் கடுதாசி எனக்குப் புதுசில்லை சார். சும்மா ஒரு இதுக்குப் பழசை எல்லாம் தேடிப் பாத்தேன். பன்னெண்டு வருஷத்துல அறுபத்திரண்டு பிள்ளைய இதையே கேட்டிருக்காவ. வரலாமா, வரலாமா, வரலாமான்னு. ஒண்ணு விடாம எல்லாத்துக்கும் நான் பதில் போட்டிருக்கேன். "தாராளமா வரலாம்"னு. ஒருத்திக்குக்கூட வரக்கூடாதுன்னு எழுதலை, வேணும்னா எடுத்துக் காட்டுதேன். வருகைப் பதிவையும் எடுத்து வச்சு ஒத்துப் பாத்தேன். அதுல எத்தனை பேரு வந்திருக்காவன்னு நெனைக்கிய?

நாலு.

மத்தவிய ஏன் வரலை, எனக்கென்ன தெரியும்? அவியவியளுக்கு என்ன சோலியோ. அன்னைக்கு மத்தியானம் நான் சாப்பிடலை, பசிக்கலை. ஆவுடை வந்து ஸ்க்ரீனை எட்டிப் பாத்தா. அறுபத்திரண்டு வரியும் வரிசையா நிக்கி. சாப்பாட்டுத் தட்டை மூடி வச்சுட்டுப் போயிட்டா.

இந்திராணிக்குப் பதில் எழுதினேன். "வணக்கம். தாராளமாக வரலாம். ஆனால் எங்கள் கூட்டத்தில் இந்த மாதம் இடம் நிறைந்துவிட்டது. ஒரு நாற்காலிகூட மிச்சம் இல்லை. ஆகவே நாலாவது ஞாயிறு நடக்கும் நிரல் ஞாயிறு என்கிற கூட்டத்துக்குப் போகவும். முகவரி கீழே. அங்கே முப்பிடாதி என்று ஒரு பிள்ளை இருக்கும், அதைக் கேட்கவும்." பேரை மாத்தலை சார். வெப்சைட்டுல ஒரு வரி போடலை. போர்டு அங்கனதான் தொங்குது. வார கடுதாசிக்குப் பதில் போடுதேன், அவ்வளவுதான். அதுக்குப் பெறகு இன்னும் ஒம்பது பிள்ளைய கேட்டு எழுதியாச்சு. ஒம்பது பேருக்கும் அதே பதிலுதான், இடம் நிறைஞ்சு போச்சுன்னு.

ஒருத்தி மட்டும் விடாம, அடுத்த மாசமாவது இடம் இருக்குமா சார்னு திருப்பிக் கேட்டிருந்தா.

இருக்காதுன்னு எழுதிட்டேன்.